நண்பரின் வாழ்க்கை வரலாறு: நீங்கள் சந்திப்பதற்கு முந்தைய வருடங்களில் தொடங்குங்கள்

கேள்வி: கோத்தகிரியில் இருக்கிறேன். என் நெருங்கிய நண்பர், கவிஞர், இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து தாயகம் திரும்பியவர், போன வருடம் காலமாகிவிட்டார். அவருடைய வரலாற்றை எழுத ஆசை. எனக்கு அவர் எழுதிய கடிதங்கள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன, அப்படியே புத்தகத்தில் போடலாமா? எங்கே தொடங்குவது?

பதில்: கடிதத்தை முதலில் முடித்துவிடுவோம். காகிதம் உங்களுடையது, அதிலுள்ள எழுத்து அவருடையது. பதிப்புரிமை இப்போது வாரிசுகளிடம் இருக்கும்; அவர் காலத்தில் அச்சாகாத கடிதம் என்பதால், முதலில் வெளியாகும் ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 வருடத்துக்கு. நாலு வரி மேற்கோள் காட்டுவது வேறு; முழுக் கடிதம் போடுவதென்றால் மனைவி, பிள்ளைகளிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிவிடுங்கள். "அண்ணி சரின்னுட்டாங்க" என்பது பதிப்பாளரிடம் செல்லாது.

ஆனால் உண்மையான சிக்கல் வேறு. நண்பர்கள் எழுதும் வரலாறுகளில் பெரும்பாலும் இருவரும் சந்தித்த நாளில்தான் நாயகர் பிறக்கிறார். அதற்கு முந்தையது இரண்டு பத்தி, அவ்வளவுதான். உங்கள் நண்பர் விஷயத்தில் தோட்டத் தமிழர்களில் ஒரு பகுதியினரை இந்தியாவுக்கு அனுப்ப இரு நாடுகளும் செய்த 1964 ஒப்பந்தம், தலைமன்னாரிலிருந்து வந்த கப்பல், வந்தவர்களைத் தங்கவைத்த மண்டபம் முகாம், இங்கே லயத்தில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டில்) கழிந்த முதல் வருடங்கள் எல்லாம் அந்த இரண்டு பத்திக்குள் காணாமல் போய்விடும். அதனால் உங்கள் பெட்டியை மூடிவிட்டு அவர் வீட்டுப் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பழைய பாஸ்போர்ட், தாயகம் திரும்பியவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டை இருந்தால் பிறந்த ஊரும் கூட வந்தவர்கள் பெயரும் கிடைக்கும், வராதவர்கள் யார் என்பதை அதை வைத்து வீட்டாரிடம் கேட்கலாம். அந்த ஒப்பந்தத்தால் அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று பிரிந்த குடும்பங்கள் உண்டு. அவர் கவிதையில் யாராவது அக்கா திரும்பத் திரும்ப வந்தால், அது யார் என்று நீங்கள் கேட்டதுண்டா? நண்பர்கள் இதையெல்லாம் கேட்பதே இல்லை, தெரியும் என்று நினைத்துக்கொள்கிறோம்.

அவரோடு தோட்டத்தில் வேலை பார்த்தவர்களை இப்போதே போய்ப் பாருங்கள், வயதாகிறது. தள்ளிப்போடாததற்கு ஓர் உதாரணம்: சிறுகதை எழுத்தாளர் புதுமைப்பித்தன் மறைந்தது 1948-ல், அவருடைய நண்பர் ரகுநாதன் எழுதிய வரலாறு 1951-லேயே வந்துவிட்டது.

"செவ்வாய், இரவு" என்று மட்டும் போட்ட கடிதங்களுக்கு இன்லண்ட் லெட்டரின் மேல்பக்க முத்திரையைப் பாருங்கள். மங்கியிருந்தால் ஜன்னலோரம் சாய்த்துப் பிடித்தால் சில சமயம் எழுத்து தெரியும். பிறகு அந்தக் கடிதத்தில் பேசப்படும் சிற்றிதழ் எந்த மாதத்தது என்று ஒப்பிட்டுக்கொள்ளுங்கள்.

கடன், குடி, சண்டை? எழுதலாம், கவிதையைப் புரிந்துகொள்ள உதவுகிற அளவுக்கு. உறவினரைப் புண்படுத்தும் நோக்கம் தெரிந்தால் இறந்தவரைப் பற்றி எழுதினாலும் அவதூறு வழக்கு வரலாம்.

அப்புறம், கடிதங்களை லேமினேட் செய்துவிடாதீர்கள். ஐப்பசி மழையில் பூஞ்சை பிடிப்பதற்குள் ஒவ்வொரு கடிதத்தையும் இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, ஒரு பிரதியை அவர் பிள்ளைகளிடமும் கொடுத்துவையுங்கள்.