சத்தம் கேக்குது, பேச்சு புரியல: காது கேளாமை பற்றிச் சென்னையிலிருந்து வந்த கேள்விகள்

கேட்டவர்களின் பெயர்களை எடுத்துவிட்டு ஏரியாவை மட்டும் வைத்திருக்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறேன்.

அயனாவரம்: அம்மாவுக்கு 68 வயசு மேடம். 45,000 ரூபாய் கொடுத்து மெஷின் வாங்கினோம். ரெண்டு வாரம் போட்டாங்க, இப்ப பீரோவுல கிடக்கு. "சத்தம் மட்டும் பெருசா வருது, நீ சொல்றது புரியல"ங்கறாங்க. மெஷின்ல கோளாறா?

மெஷினைக் குறை சொல்வதற்கு முன் அம்மாவின் ஆடியோகிராமை, அதாவது காது எவ்வளவு கேட்கிறது என்று கோடாகக் காட்டும் பரிசோதனைத் தாளை, எடுத்துப் பாருங்கள். வயதால் வரும் கேளாமையில் கோடு இடப்பக்கம் (தாழ்ந்த ஸ்தாயி) ஓரளவு மேலேயே இருக்கும், வலப்பக்கம் (உயர்ந்த ஸ்தாயி) போகப்போகக் கீழே சரியும். உயிரெழுத்துகளும் ம, ன, ல போன்ற ஒலிகளும் தாழ்ந்த ஸ்தாயியில் இருப்பதால் தப்பித்துவிடும். க, ச, ட, த, ப எல்லாம் வலப்பக்கத்துச் சரிவில் விழுந்துவிடும். பட்டு, தட்டு, கட்டு மூன்றுமே அம்மாவுக்கு "அட்டு" மாதிரிதான் கேட்கும். வெறுமனே சத்தத்தைக் கூட்டினால் அந்த "அட்டு" இன்னும் பெரிதாகக் கேட்கும், அவ்வளவுதான்.

மெஷின் அந்தச் சரிவுக்கு ஏற்றபடி ப்ரோக்ராம் செய்யப்பட்டிருக்க வேண்டும். பல இடங்களில் கம்ப்யூட்டர் சொல்லும் முதல் செட்டிங்கை அப்படியே போட்டு அனுப்பிவிடுகிறார்கள். வாங்கிய இடத்துக்கே திரும்பப் போய் மூன்று விஷயம் கேளுங்கள். முதலாவது ரியல் இயர் மெஷர்மென்ட். மெல்லிய குழாயைக் காதுக்குள் விட்டு, மெஷினிலிருந்து செவிப்பறை அருகே நிஜமாக எவ்வளவு சத்தம் போய்ச் சேர்கிறது என்று அளப்பது இது. இரண்டாவது, தாங்க முடியாத சத்தத்தின் எல்லை. குக்கர் விசிலுக்கும் எவர்சில்வர் தட்டு விழும் சத்தத்துக்கும் அம்மா முகம் சுளித்தால் அதிகபட்ச வெளியீட்டை மட்டும் இறக்கச் சொல்லுங்கள். மொத்த வால்யூமையும் குறைத்தால் பேச்சும் சேர்ந்து போய்விடும். மூன்றாவது, ஸ்பீச் டிஸ்கிரிமினேஷன் ஸ்கோர். நன்றாகக் கேட்கும் அளவு சத்தத்தில் சொற்களைச் சொல்லி, எத்தனை சரியாகத் திருப்பிச் சொல்கிறார் என்று பார்ப்பார்கள். அதுவே 40 சதவீதம்தான் என்றால் எந்த விலை மெஷினும் அதை 90 ஆக்காது. இந்த எண்ணைக் கேட்காமல் பர்ஸைத் திறக்கவே கூடாது என்பது என் கட்சி.

முதல் வாரம் அமைதியான அறையில், ஒரே ஆள் பேச, தினம் இரண்டு மூன்று மணி நேரம் போடட்டும். பிறகு டிவி, அப்புறம் சமையலறை. கல்யாண மண்டபம் கடைசியில். முதல் நாளே மண்டபத்துக்குப் போட்டுக்கொண்டு போனவர்களின் மெஷின்தான் பெரும்பாலும் பீரோவுக்குள் போகிறது.

வேளச்சேரி: 8 சேனலா 16 சேனலா? ஒவ்வொரு கடையிலும் ஒவ்வொன்னு சொல்றாங்க.

மெஷின் ஒலியை ஸ்தாயிவாரியாக எத்தனை பகுதியாகப் பிரித்துக் கையாள்கிறது என்பதுதான் சேனல். சேனல் எண்ணிக்கைக்குக் கொடுக்கும் காசில் பாதியையாவது நல்ல ஆடியாலஜிஸ்டுக்கும் (காதைச் சோதித்து மெஷின் பொருத்தும் நிபுணர்) திரும்பத் திரும்பச் செய்யும் ட்யூனிங்குக்கும் ஒதுக்குங்கள். பொருத்துபவருக்கு இந்திய மறுவாழ்வு கவுன்சிலின் பதிவு எண் இருக்கிறதா என்று கேளுங்கள். தயங்காமல் எண்ணைச் சொன்னால்தான் சரி. பில்லையும் பாருங்கள்: காது கேட்கும் கருவிக்கு ஜிஎஸ்டி கிடையாது.

ராயபுரம்: ஆன்லைன்ல 999 ரூபாய்க்கு ஒரு மெஷின் வருதே?

அது ஆம்ப்ளிஃபயர். எல்லா ஒலியையும் ஒரே மாதிரி தூக்கிவிடும். பல மாடல்களில் மேல் எல்லை என்று ஒன்று இருக்காது. மிச்சமிருக்கும் காதையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

பல்லாவரம்: பேட்டரி மூணே நாள்ல போயிடுது. அதோட விசில் அடிச்சிட்டே இருக்கு.

இவை இரண்டு தனித்தனிப் பிரச்சினைகள். முதலில் பேட்டரி. இதில் இருப்பது ஜிங்க் ஏர் செல். ஸ்டிக்கரை உரித்ததும் ஓட்டை வழியாகக் காற்று உள்ளே போய்த்தான் மின்சாரம் உண்டாகிறது. உரித்தவுடன் செருகாமல் ஒரு நிமிடமாவது வெளியே வைத்திருந்து பிறகு போடுங்கள். ஸ்டிக்கரைத் திரும்ப ஒட்டினாலும் அதன் ஆயுள் நிற்காது. ஃப்ரிட்ஜில் வைக்காதீர்கள், நீர் கோர்த்துக்கொள்ளும். நிறத்தைப் பார்த்து வாங்குங்கள்: 10 மஞ்சள், 312 பிரவுன், 13 ஆரஞ்சு, 675 நீலம். சிறிய 10-ம் 312-ம் சில நாட்களிலேயே தீர்வது சகஜம். 675 மூன்று நாளில் தீர்ந்தால் மெஷினைக் காட்ட வேண்டியதுதான்.

சென்னைப் புழுக்கம்தான் அடுத்த எதிரி. வெயிலில் வியர்த்துவிட்டு ஏசி அறைக்குள் வந்தால் மோல்டுக் (காதுக்குள் செருகும் அச்சு) குழாயில் பொடிப்பொடியாக நீர் கோர்ப்பதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஒரு சொட்டு போதும், சத்தம் அடைத்துவிடும். வாயால் ஊதாதீர்கள், எச்சில் ஈரமும் சேரும். ரப்பர் ப்ளோயரால் ஊதுங்கள். ஹேர் ட்ரையர் கூடவே கூடாது. இரவில் பேட்டரியை எடுத்துவிட்டு, பேட்டரிக் கதவைத் திறந்து, சிலிகா ஜெல் டப்பாவில் மெஷினை வையுங்கள். பேட்டரியையும் உள்ளே போட்டால் அதுவும் சேர்ந்து காய்ந்துவிடும். ஜெல் மணிகள் நிறம் மாறியதும் மாற்றுங்கள். நீலம் இளஞ்சிவப்பாகும், ஆரஞ்சு பச்சையாகும்.

விசிலுக்கு ஒரு சின்னச் சோதனை. மெஷினைக் கழற்றி, ஆன் செய்து, மோல்டில் சத்தம் வரும் துளையைக் கட்டைவிரலால் அழுத்தி மூடுங்கள். விசில் நின்றால் மெஷின் நன்றாகவே இருக்கிறது: மோல்டு தளர்ந்திருக்கிறது, அல்லது காதில் குறும்பி அடைத்திருக்கிறது. நிற்காவிட்டால் குழாயில் விரிசல், அல்லது உள்ளே கோளாறு. குழாய் மஞ்சளாகி விறைத்துப்போயிருந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

குரோம்பேட்டை: நேத்து காலையில எழுந்ததுல இருந்து இடது காது அடைச்ச மாதிரியே இருக்கு. அத்தை பூண்டு எண்ணெய் விடச் சொல்றாங்க.

எண்ணெய் வேண்டாம். இன்றே காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள். வாயை மூடி "ம்ம்ம்" என்று முனகிப் பாருங்கள். அடைத்த காதில் சத்தம் பெரிதாகக் கேட்டால் குறும்பி, சளி போன்ற அடைப்பாக இருக்கலாம். நல்ல காதுப் பக்கம் போனால் உள்காது நரம்பில் திடீர்க் கேளாமையாக இருக்க வாய்ப்பு உண்டு. அதற்கு ஸ்டீராய்டு சிகிச்சையை முதல் இரண்டு வாரத்துக்குள், அதிலும் முடிந்தவரை சீக்கிரம் தொடங்க வேண்டும். மாத்திரை பலிக்காவிட்டால் செவிப்பறை வழியாக ஊசி போடுவார்கள். சர்க்கரை இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முனகல் சோதனையில் எது வந்தாலும் போவதைத் தள்ளிப்போடாதீர்கள்.

மடிப்பாக்கம்: குழந்தை 12 நாள் என்ஐசியூல (பச்சிளம் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவு) இருந்தது. மஞ்சள் காமாலையும் இருந்தது. ஓஏஇ டெஸ்ட் பாஸ். நிம்மதியா இருக்கலாமா?

இன்னும் ஒரு டெஸ்ட் பாக்கி. ஓஏஇ உள்காதின் முடிச்செல்களை மட்டுமே பார்க்கிறது. கடுமையான காமாலையிலும் என்ஐசியூ குழந்தைகளிலும் செல் நன்றாக இருந்து நரம்பில் செய்தி சிதறும் ஆடிட்டரி நியூரோபதி வரலாம். ஓஏஇ-க்கு அது தெரியாது. காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்புச் செய்தியை அளக்கும் பெரா டெஸ்ட் எடுங்கள். ஒரு மாதத்துக்குள் ஸ்கிரீனிங், மூன்று மாதத்துக்குள் உறுதி செய்தல், ஆறு மாதத்துக்குள் சிகிச்சைத் தொடக்கம் என்பதுதான் உலகெங்கும் வைத்திருக்கும் கணக்கு.

பெராவுக்குக் குழந்தை நன்றாகத் தூங்க வேண்டும். வழியில் ஆட்டோவிலேயே தூங்கவிட்டால் அங்கே போய் முழித்துக்கொள்ளும். தூக்கத்தைக் கொஞ்சம் தள்ளிப்போட்டு, அங்கே போய்ப் பால் கொடுங்கள். தலைக்கு எண்ணெய் வைக்காதீர்கள், எலக்ட்ரோடு ஒட்டாது.

வியாசர்பாடி: பொண்ணுக்கு மூணரை வயசு. ரெண்டு காதும் சுத்தமா கேக்கலைன்னு ரிப்போர்ட். காக்ளியர் இம்ப்ளான்ட் ஃப்ரீயா பண்ண முடியுமா?

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இந்த உள்காதுக் கருவி ஆபரேஷனைச் செய்கிறார்கள். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். காப்பீட்டு அட்டை இல்லாவிட்டால் இந்த வாரமே வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள், இதில்தான் பலருக்கு மாதங்கள் வீணாகின்றன. சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் தொடங்கலாம். ஸ்கேனில் கேட்கும் நரம்பு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஆபரேஷனுக்கு முன் நிமோகாக்கல் தடுப்பூசி போட வேண்டும், மூளைக்காய்ச்சல் அபாயத்தைக் குறைக்க.

ஆபரேஷன் சில மணி நேர வேலை. சில வாரம் கழித்து ஸ்விட்ச் ஆன் செய்ததும் குழந்தைக்குச் சத்தம்தான் கேட்கும், பேச்சு உடனே புரியாது. மேப்பிங்கும் (குழந்தைக்கு ஏற்றபடி கருவியைச் சரிசெய்வது) பேச்சுப் பயிற்சியும் வருடக்கணக்கில் போகும். தினமும் வீட்டில் உட்கார்ந்து பயிற்சி தருவது யார் என்பதை ஆபரேஷன் தேதிக்கு முன்பே முடிவு செய்யுங்கள். வாரன்டி முடிந்த பிறகு கேபிள், காயில் போன்ற வெளிப்பாகங்களின் செலவு யார் தலையில் என்பதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

திருவான்மியூர்: சைகை மொழி கத்துக்கிட்டா பேச்சு வராதுன்னு சொல்றாங்களே?

இதை இன்னும் சொல்லிக்கொண்டிருப்பது வருத்தம்தான். குழந்தைக்கு முதல் சில வருடங்களில் ஏதாவது ஒரு மொழி முழுசாகக் கிடைக்க வேண்டும். சைகை அதைத் தடுப்பதில்லை. உங்கள் பக்கத்திலேயே வழிகள் உண்டு. அடையாறு பால வித்யாலயா 1969 முதல் சின்னக் குழந்தைகளுக்குப் பேச்சு வழியில் பயிற்சி தருகிறது, தாயும் கூட உட்கார வேண்டும். அடையாறிலேயே செயின்ட் லூயிஸ், கதீட்ரல் ரோடு பக்கம் லிட்டில் ஃப்ளவர், சாந்தோமில் சிஎஸ்ஐ என்று காது கேளாதோர் பள்ளிகள் இருக்கின்றன. கேளாமையுடன் வேறு குறைபாடும் இருந்தால் முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிப்மெட் நிறுவனம் இருக்கிறது. நான்கு பள்ளிகளையும் நேரில் போய், வகுப்பு நடக்கும்போது ஜன்னல் ஓரமாக நின்று பாருங்கள்.

கொளத்தூர்: ஒரு காது முழுசா கேக்காது. மாற்றுத்திறனாளி அட்டை கிடைக்குமா?

கணக்கைப் பாருங்கள். நல்ல காதின் கேளாமைச் சதவீதத்தை 5-ஆல் பெருக்கி, மோசமான காதின் கேளாமைச் சதவீதத்தைக் கூட்டி, 6-ஆல் வகுப்பார்கள். ஒரு காது 0, இன்னொன்று 100 என்றால் 100-ஐ 6-ஆல் வகுக்க 16.7 சதவீதம். பெரும்பாலான சலுகைகளுக்கு 40 வேண்டும், அதனால் பயன் குறைவு. நல்ல காது 50, மோசமானது 80 என்றால் 330-ஐ 6-ஆல் வகுத்து 55. இவருக்குக் கிடைக்கும்.

விண்ணப்பிப்பவர்கள் யுடிஐடி (மத்திய அரசின் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை) தளத்தில் ஆன்லைனில் பதிந்து, மருத்துவமனையில் பரிசோதனைக்குப் போக வேண்டும். அதற்கு முன் குறும்பியை எடுத்துவிடுங்கள். முந்தின நாள் ஸ்பீக்கர் பக்கம் நிற்காதீர்கள். காது கேட்டும் கேட்காத மாதிரி காட்டினால் பெராவில் மாட்டிக்கொள்வீர்கள், ஃபைலும் இழுத்தடிக்கும்.

அட்டை வந்தபின்: சாதாரண டவுன் பஸ்ஸில் துணையாளோடு இலவசப் பயணம் உண்டு. பழைய முறையில் வருமான வரி கட்டுபவர்களுக்கு 75,000 ரூபாய் கழிவு, குறைபாடு 80 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் 1,25,000.

சோழிங்கநல்லூர்: ஆபீஸ் மீட்டிங்ல பாதி விட்டுப்போகுது.

பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கிக் காட்டும் லைவ் ட்ரான்ஸ்கிரைப் ஆப் ஆண்ட்ராய்டில் இலவசம், தமிழும் உண்டு. தமிழை முதல் மொழியாகவும் ஆங்கிலத்தை இரண்டாவதாகவும் வையுங்கள். நம்மாட்கள் ஒரே வாக்கியத்தில் இரண்டையும் கலப்பதால் அங்கங்கே உளறும், மன்னித்துவிடுங்கள். ஃபோனைப் பேசுபவர் முன்னால் வையுங்கள். உங்கள் மடியில் வைத்தால் ஏசி சத்தம்தான் எழுத்தாகும்.

கோயம்பேடு: நானும் என் வீட்டுக்காரரும் காது கேளாதவங்க. காலிங் பெல் அடிச்சாலும் குழந்தை அழுதாலும் தெரியறதில்ல.

காலிங் பெல் ஸ்விட்ச் லைனில் எலக்ட்ரீஷியனிடம் சொல்லி ஒரு எல்இடி பல்பைப் பேரலலாகச் சேர்க்கலாம், ஹாலில் ஒன்று, சமையலறையில் ஒன்று. ஸ்விட்சை அழுத்தும் வரைதான் பல்பு எரியும். அதனால் "சற்று நேரம் அழுத்திப் பிடிக்கவும்" என்று பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். குழந்தை அழுகைக்கு ஆண்ட்ராய்டின் சவுண்ட் நோட்டிஃபிகேஷன் உதவும், அழுகை, பெல், தீ அலாரம் கேட்டால் ஃபோன் அதிர்ந்து ஃப்ளாஷ் அடிக்கும். ராத்திரி ஆழ்ந்து தூங்கினால் ஃபோன் அதிர்வு போதாது. தலையணைக்கு அடியில் வைக்கும் அதிர்வு அலாரத்தைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள்.