அறக்கட்டளைப் பணம் யாருடையது?

கேள்வி: நான் பொருளாதாரப் பேராசிரியர். கூட்டாளிகளோடு ஒரு கணினி நிறுவனம் நடத்துகிறேன். ஏழை மாணவர்களுக்கான அறக்கட்டளை ஒன்றுக்கும் நானே தலைவர். அதற்கு வேண்டிய கணினிகளை எங்கள் நிறுவனத்திடமே வாங்குகிறோம். ‘வாத்தியாருக்கு எதற்கு வியாபாரம்?’ என்று சக பேராசிரியர்கள் கேலி பேசுகிறார்கள். வியாபாரத்தை விட்டுவிடட்டுமா?

பதில்: விட வேண்டாம். கேலியையும் பொருட்படுத்த வேண்டாம். முகமது யூனுஸும் வாத்தியார்தான். வங்கதேசத்தின் சிட்டகாங் பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பித்தவர், 1974-ஆம் ஆண்டுப் பஞ்சத்துக்குப் பிறகு பக்கத்திலிருந்த ஜோப்ரா கிராமத்துக்குப் போகத் தொடங்கினார். அங்கே மூங்கில் முக்காலி பின்னும் பெண்ணிடம் மூங்கில் வாங்க 5 டாக்கா (வங்கதேசப் பணம்) இல்லை. வியாபாரியிடம் கடன் வாங்குவார்; பின்னிய முக்காலியை அவரிடமே, அவர் வைத்த விலைக்குக் கொடுத்தாக வேண்டும். நாள் முழுக்கப் பின்னினால் கையில் நிற்பது 50 பைசா. இப்படிச் சிக்கியிருந்த 42 பேருக்கும் சேர்த்துத் தேவைப்பட்டது வெறும் 856 டாக்கா. யூனுஸ் அதைத் தன் பையிலிருந்து கொடுத்தார். பிறகு, ஏழைக்குக் கடன் தர மறுத்த வங்கியில் தானே ஜாமீன் கையெழுத்துப் போட்டார். 1983-இல் இந்தக் கடன் திட்டம் கிராமீன் என்ற தனி வங்கியானது. அதன் பெரும்பங்கு உரிமை பின்னாளில் கடன் வாங்கியவர்களிடமே வந்தது. தன் பெயரில் பங்கு எதுவும் இல்லை என்று யூனுஸ் சொல்லிவந்தார்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்துவது அந்தக் கணினிக் கொள்முதல்தான். போகிறபோக்கில் எழுதிவிட்டீர்கள். விற்பவரும் நீங்கள், வாங்குபவரும் நீங்கள். விலை நியாயமாகவே இருக்கலாம். ஆனால் அதை நியாயம் என்று சொல்ல உங்களைத் தவிர யார் இருக்கிறார்கள்? நன்கொடை தந்தவர் ஏழைப் பிள்ளைக்காகத் தந்தார், உங்கள் நிறுவனத்தின் விற்பனைக் கணக்கைத் தூக்கிநிறுத்த அல்ல. அதை உடனே நிறுத்துங்கள். வேறு வழியே இல்லையென்றால் வெளியார் சிலரிடமும் விலைப்புள்ளி வாங்குங்கள், முடிவெடுக்கும் கூட்டத்திலிருந்து எழுந்து வெளியே போங்கள், நீங்கள் வெளியேறியதைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். கேலி பேசுகிறவர்களில் கணக்கில் கறாரான ஒருவர் இருப்பார். அவரையே அறங்காவலராக அழையுங்கள். மாணவர்களை இரண்டு இடத்திலும் சம்பளமில்லாத வேலைக்கு வைக்காதீர்கள். மதிப்பெண் போடுகிறவர் கேட்டால் எந்த மாணவன் மறுப்பான்? வெளியில் வகிக்கும் பதவிகளைக் கல்லூரிக்கு எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

இன்னொன்று. 2011-இல், நிர்வாக இயக்குநருக்கான வயது வரம்பு 60 என்று காரணம் காட்டி யூனுஸைக் கிராமீனிலிருந்து விலக்கினார்கள். அப்போது அவருக்கு 70 வயது. அரசியல் பகைதான் காரணம் என்று அவருடைய ஆதரவாளர்கள் சொன்னார்கள். இருந்தாலும் விதி கையில் கிடைத்ததால்தானே அதை வீச முடிந்தது? அறக்கட்டளை விதிகளில் தலைவரின் பதவிக்காலம் எத்தனை ஆண்டு என்று பாருங்கள். இல்லாவிட்டால், அடுத்த கூட்டத்திலேயே அதைச் சேர்த்துவிடுங்கள்.