மூன்று சென்ட் கிரயம்

அன்புள்ள ஐயா,

1803இல் அமெரிக்கா லூசியானாவை ஏக்கர் மூன்று சென்ட் வீதம் பிரான்சிடமிருந்து வாங்கியது என்று படித்தேன். மெக்சிகோவுடன் சண்டை போட்டு நிலத்தைப் பிடுங்கியதற்கு இது எவ்வளவோ மேல் இல்லையா? காசு கொடுத்துத்தானே வாங்கினார்கள்? இன்னொரு சந்தேகம். நெப்போலியன் அந்த மண்ணை மிதித்ததே இல்லை. அவர் எப்படி அதை விற்றார்?

கே.

அன்புள்ள கே,

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். மனை வாங்கப் போகிறவர் தாய்ப்பத்திரம் கேட்பார், வில்லங்கம் பார்ப்பார், இடம் யார் சுவாதீனத்தில் இருக்கிறது என்று விசாரிப்பார். அன்றைய லூசியானா என்பது இன்றைய மாநிலம் மட்டுமல்ல, மிசிசிப்பி ஆற்றுக்கு மேற்கே கிடந்த பெருநிலம். அதற்குத் தாய்ப்பத்திரம் 1800இல் சான் இல்டிஃபோன்சோவில் ஸ்பெயின் பிரான்சுக்கு எழுதிக்கொடுத்த ரகசிய ஒப்பந்தம். வில்லங்கமும் உண்டு: வேறு எந்த நாட்டுக்கும் கைமாற்ற மாட்டோம் என்று 1802இல் பிரான்ஸ் ஸ்பெயினுக்கு எழுத்தில் உறுதி கொடுத்திருந்தது. 1803 ஏப்ரலில் பாரிசில் விலை பேசியபோது, லூசியானாவின் முக்கிய நகரமான நியூ ஆர்லியன்சில் இருந்தவர்கள் ஸ்பானிய அதிகாரிகள்தான். நவம்பர் 30 அன்றுதான் அவர்கள் ஊரைப் பிரெஞ்சுக்காரரிடம் ஒப்படைத்தார்கள். டிசம்பர் 20இல் அது அமெரிக்கர் கைக்குப் போனது. விற்றவரின் சுவாதீனம் மொத்தம் இருபது நாள்.

எல்லை விவரம் இன்னும் வேடிக்கை. ஒப்பந்தத்தின் முதல் பிரிவு, 'இப்போது ஸ்பெயின் கையில் எவ்வளவோ, முன்பு பிரான்ஸ் வைத்திருந்தபோது எவ்வளவோ, அதே அளவு' என்கிற பாணியில் போகிறது. கல்லோ கோடோ கிடையாது. ஸ்பெயினோடு இந்த எல்லையைப் பேசி முடிக்க 1819 ஆயிற்று.

பணம் வந்த வழியைப் பாருங்கள். மொத்த விலை 8 கோடி பிராங்க். அதில் 2 கோடி, பிரான்ஸ் அமெரிக்க வணிகர்களுக்குத் தரவேண்டிய பாக்கி. அதை அமெரிக்க அரசே ஏற்றுக்கொண்டது. மீதி 6 கோடி. ஒரு டாலருக்கு 5.3333 பிராங்க் என்று ஒப்பந்தத்திலேயே மாற்று விகிதம் எழுதியிருந்ததால், அது 1 கோடியே 12 லட்சத்து 50 ஆயிரம் டாலர். இதற்கு ரொக்கம் இல்லை, 6 சதவீத வட்டிக் கடன் பத்திரங்கள்தான். வருட வட்டி மட்டும் 6,75,000 டாலர். நெப்போலியனுக்கு உடனே காசு தேவை. அதனால் லண்டன் பேரிங், ஆம்ஸ்டர்டாம் ஹோப் ஆகிய வங்கிகள் பத்திரங்களை முகமதிப்பைவிடக் குறைந்த விலைக்கு எடுத்துக்கொண்டன. அவர் கைக்கு வந்தது சுமார் 5.2 கோடி பிராங்க். அந்த மே மாதமே பிரிட்டனும் பிரான்சும் போரில் இறங்கிவிட்டன. ஆனாலும் லண்டன் வங்கி தன் தொழிலைப் பார்த்தது.

இனி 'காசு கொடுத்துத்தானே' என்ற கேள்வி. அந்த நிலத்தில் ஓசேஜ், சூ, மாண்டன், இன்னும் பல பூர்வகுடி மக்கள் வாழ்ந்தார்கள். அவர்கள் யாரும் நெப்போலியனுக்கு எதையும் எழுதிக்கொடுக்கவில்லை. அமெரிக்கா வாங்கியது மண்ணை அல்ல. அந்த மக்களிடம் நிலம் பெறும் உரிமை எனக்கு மட்டும்தான், வேறு ஐரோப்பிய அரசு குறுக்கே வரக்கூடாது என்ற உரிமையை. 1823இல் ஜான்சன் எதிர் மக்கின்டாஷ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டமாகச் சொன்னதும் ஏறக்குறைய இதுதான். ஆகவே மண்ணுக்குத் தனியாகக் கிரயம் பேச வேண்டியிருந்தது. 1808இல் ஓசேஜ் மக்களிடம் இன்றைய மிசௌரியில் பாதிக்கு மேலும் ஆர்கன்சாவின் வடபகுதியும் எழுதி வாங்கப்பட்டன. கொடுத்தது கையெழுத்தின்போது 1,200 டாலர், வருடந்தோறும் 1,500 டாலர் பெறுமான சரக்கு, ஒரு கொல்லர், ஒரு மாவு ஆலை. முதல் தடவை எழுதியதை, வேட்டையாட இடம் கொடுத்ததாகத்தான் நினைத்தோம் என்று ஓசேஜ்களில் ஒரு சாரார் மறுத்ததால், அதே வருடம் மறுபடியும் எழுத வேண்டி வந்தது. மூன்று சென்ட் கணக்கில் இதெல்லாம் வராது.

வாங்கிய நிலத்தை ஆராய அமெரிக்க அரசு அனுப்பிய லூயிஸ்-கிளார்க் பயணத்தையும் இந்த வரிசையில்தான் வைப்பேன். தாவரங்களைச் சேகரித்ததும் வரைபடம் போட்டதும் உண்மை. கூடவே ஊர் ஊராக அமெரிக்க அதிபரின் உருவம் பொறித்த பதக்கங்களைக் கொடுத்து, இனி உங்களுக்குப் புதிய தகப்பன் என்று அறிவித்துக்கொண்டே போனார்கள்.

மெக்சிகோ விஷயத்தில் போர், கிரயம் என்று பிரிக்கவே முடியாது. 1845இல் கலிபோர்னியா, நியூ மெக்சிகோ நிலங்களுக்கு விலை பேசத் தூதரை அனுப்பினார்கள். மெக்சிகோ அவரை ஏற்க மறுத்தது. போர் மூண்டது; 1847 செப்டம்பரில் அமெரிக்கப் படை மெக்சிகோ நகரத்துக்குள் இருந்தது. 1848 பிப்ரவரியில் கையெழுத்தான ஒப்பந்தத்திலும் ஒரு விலை இருந்தது: 1.5 கோடி டாலர். 30 லட்சம் உடனே, மீதி வருடத்துக்கு 30 லட்சம் வீதம், 6 சதவீத வட்டியோடு. துப்பாக்கி முனையில் எழுதிய பத்திரத்துக்கும் தவணையும் வட்டியும் உண்டு.

அதில் கோளாறு செய்தது படம். எல்லைக்கு ஆதாரமாக 1847ஆம் ஆண்டு டிஸ்டர்னெல் வரைபடத்தை ஒப்பந்தத்தோடு இணைத்திருந்தார்கள். அதில் எல் பாசோ ஊர் உண்மையைவிட அரை டிகிரி வடக்கே இருந்தது. ரியோ கிராண்டே ஆறு சுமார் இரண்டு டிகிரி கிழக்கே தள்ளியிருந்தது. நியூ மெக்சிகோவின் தென் எல்லை அந்த ஊருக்குச் சற்று வடக்கே போவதாகப் பத்திரம். ஊரிலிருந்து அளப்பதா, படத்தின் அட்சரேகையிலிருந்தா? ஒன்று 31°52' அருகே வரும், மற்றது 32°22'. நடுவில் மெசியா பள்ளத்தாக்கு. அமெரிக்க எல்லை ஆணையர் பார்ட்லெட், மெக்சிகோவின் கார்சியா கோண்டேயோடு சமரசம் செய்தார்: கோடு 32°22' இல் இருக்கட்டும், ஆனால் ஆறு நிஜமாக இருக்கும் இடத்திலிருந்து மேற்கே மூன்று டிகிரி நீளட்டும். அமெரிக்க நில அளவையாளர் கிரே கையெழுத்துப் போட மறுத்துவிட்டார். தெற்கு ரயில் பாதைக்குத் தோதான சமதளம் கை நழுவுகிறது என்பது பலருடைய எரிச்சல்.

எனவே அந்தப் பகுதியையும் மெக்சிகோவிடம் விலைக்கு வாங்க 1853 டிசம்பரில் காட்ஸ்டன் ஒப்பந்தம். பேசியது 1.5 கோடி, செனட் குறைத்தது 1 கோடிக்கு. இந்தத் தடவை ஊர்ப் பெயரை நம்பவில்லை: 31°47' இல் ஆற்றிலிருந்து மேற்கே 100 மைல், அங்கிருந்து தெற்கே 31°20' வரை, மறுபடி மேற்கே 111ஆம் தீர்க்கரேகை வரை, பிறகு சாய்வாகக் கொலராடோ ஆற்றுக்கு. பணத்திலும் 70 லட்சம்தான் முதலில். மீதி 30 லட்சத்தை, எல்லையை அளந்து முடித்த பிறகே தருவோம் என்று எழுதிக்கொண்டார்கள்.