வாசகர் கேள்வி பதில்: குரக்கன் புட்டு முதல் கிளித்தட்டு வரை

இந்த முறை வந்த கடிதங்களில் பாதி "பிள்ளை சாப்பிடுதில்லை" என்கின்றன. மற்றப் பாதி "பிள்ளை போனை விட்டு எழும்புதில்லை" என்கின்றன. வாசித்துப் பார்த்தால் இரண்டும் ஒரே வீட்டிலிருந்து வந்தவை போலத்தான் இருக்கின்றன. ஆகவே சமையலையும் விளையாட்டையும் பிரிக்காமல் பதில் தருகிறோம்.

கேள்வி: குரக்கன் புட்டு அவித்தால் ஒருநாள் கல்லுக் கல்லாக வருகிறது, மறுநாள் தொண்டையில் அடைக்கிறது. 7 வயது மகள் வாயில் வைக்கிறாளில்லை. கோதுமை மா கலக்காமல் மெதுவாக அவிக்க வழி உண்டா? (ஒரு தாய், கோண்டாவில்)

பதில்: உண்டு. பிழை பெரும்பாலும் தண்ணீரில்தான். குரக்கன் (கேழ்வரகு) மா தண்ணீரை ஆறுதலாகத்தான் இழுக்கும். குழைக்கும்போது காணாததுபோல இருக்கும், நீங்கள் இன்னும் கொஞ்சம் விடுவீர்கள், பத்து நிமிடத்தில் அது களியாகிவிடும். அதுதான் அந்தக் கல்லு. அதற்குப் பயந்து மறுநாள் குறைத்து விட்டால் மா உள்ளே வேகாமல் உலர்ந்து நிற்கும். தொண்டையில் அடைப்பது அதுதான்.

நாலு பேருக்குக் குரக்கன் மா 1 கோப்பை, வறுத்த சிவப்பரிசி மா 1 கோப்பை, தேங்காய்ப்பூ முக்கால் கோப்பை, உப்பு அரைத் தேக்கரண்டி. தண்ணீர் முக்கால் கோப்பையில் தொடங்குங்கள். மா நன்றாக வறுபட்டதென்றால் இன்னும் இரண்டு மூன்று மேசைக்கரண்டி கேட்கும்.

குரக்கன் மாவை மெல்லிய நெருப்பில் 4, 5 நிமிடம் வறுங்கள். அதன் நிறம் ஏற்கெனவே கடும் கபிலம் என்பதால் கண்ணை நம்ப முடியாது, மூக்கைத்தான் நம்ப வேண்டும். பச்சை வாசம் போனதும் இறக்குங்கள், தாண்டினால் கைக்கும். முழுதாக ஆறவிட்டு அரித்து, அரிசி மாவுடன் கலவுங்கள். உப்பை இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரையுங்கள். அரிசிமாப் புட்டுக்குக் கொதிதண்ணீர் விட்ட பழக்கத்தில் இதற்கும் விட்டால் மா அந்த இடத்திலேயே வெந்து பசையாகும். தண்ணீரை மூன்று தரமாகத் தெளித்து விரல் நுனியால் பிசறுங்கள், உள்ளங்கையால் அழுத்த வேண்டாம். மூடி 10 நிமிடம் வையுங்கள். இந்தப் பத்து நிமிடத்தைத்தான் அநேகர் விட்டுவிடுகிறார்கள்.

பிறகு பாதித் தேங்காய்ப்பூவைப் போட்டுப் பேணி விளிம்பால் கொத்துங்கள். ஒரு பிடி எடுத்து அமத்தினால் சேர்ந்து நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும். அதுவே பதம். நீத்துப்பெட்டியில் மாவும் மீதித் தேங்காய்ப்பூவும் மாறி மாறிப் போடுங்கள், தட்டி அடைக்காதீர்கள். ஆவி போக வழியில்லாவிட்டால் அடி வேகும், நடு வேகாது. மேலால் ஆவி வரத் தொடங்கியதிலிருந்து 10 முதல் 12 நிமிடம் போதும். சூட்டோடு கொட்டி அகப்பைக் காம்பால் உதிர்த்து மூடி வையுங்கள். திறந்தபடி ஆறினால் மறுபடி இறுகும்.

மகளுக்கு முதல் வாரம் ஒரு பங்கு குரக்கனுக்கு மூன்று பங்கு அரிசி மா போடுங்கள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சரிபாதிக்கு வரலாம். "இது உடம்புக்கு நல்லது" என்று அறிவித்துப் பரிமாற வேண்டாம். அப்படிச் சொன்ன எதையும் பிள்ளைகள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள். முட்டைப் பொரியல், கத்தரிக்காய்க் குழம்பு, இதரை வாழைப்பழம் எல்லாம் இதற்குப் பொருந்தும். சீனி மட்டும் தூவாதீர்கள். ஒருதரம் பழகினால் பிறகு சீனியில்லாமல் புட்டு இறங்காது.

இன்னொன்று: ஐந்தரைக்குப் பால் தேத்தண்ணியும் நாலு விசுக்கோத்தும் கொடுத்துவிட்டு ஏழு மணிக்கு "சாப்பிடுறாளில்லை" என்று சொல்ல முடியாது. பசி ருசி அறியாது என்பது உண்மைதான், ஆனால் முதலில் பசி வர விட வேண்டுமே. இராச்சாப்பாட்டுக்கு முந்தின இரண்டு மணித்தியாலம் தண்ணீர் மட்டும் போதும்.

கேள்வி: பலகாரத்துக்குப் பனங்கட்டிதான் போடுகிறோம், சீனி இல்லை. பிள்ளைகள் எவ்வளவும் சாப்பிடலாம்தானே? (ஒரு தகப்பன், சுன்னாகம்)

பதில்: சாப்பிட முடியாது. பனங்கட்டி வாசத்திலும் ருசியிலும் சீனியை வெல்லும், ஆனால் அதுவும் இனிப்புத்தான், உடம்பு அதைச் சீனிக் கணக்கில்தான் எடுக்கும்.

உண்மையில் பலகாரத்தை விடக் குளிர்பானப் போத்தல்களைத்தான் பார்க்க வேண்டும். லேபிளில் 100 மில்லிலீற்றருக்கு 10 கிராம் சீனி என்றிருந்தால், 400 மில்லிலீற்றர்ப் போத்தலில் 40 கிராம். அது கிட்டத்தட்ட 10 தேக்கரண்டி. உலக சுகாதார நிறுவனம் சேர்க்கும் சீனியை ஒருநாள் சக்தியில் 10 வீதத்துக்குக் குறைவாக வைக்கச் சொல்கிறது. நாளுக்கு 1500 கலோரி சாப்பிடும் பிள்ளைக்கு அது 37 கிராம். ஒரு போத்தலிலேயே கணக்கு முடிந்துவிட்டது. பிழிந்த பழச்சாறும் இந்தக் கணக்கில் சேரும், கடித்துத் தின்னும் பழம் சேராது. தோடம்பழத்தைச் சாறாக்காமல் உரித்துக் கொடுங்கள்.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து பேரப்பிள்ளைகள் வருகிறார்கள், 4 வயதும் 9 வயதும். ஒடியல் கூழ் காய்ச்சிக் கொடுக்க ஆசை. உறைப்புக்கும் முள்ளுக்கும் என்ன செய்வது? (ஓர் அம்மம்மா, சாவகச்சேரி)

பதில்: ஆறு பேருக்கு 150 கிராம் ஒடியல் மா (காயவைத்த பனங்கிழங்கு மா) எடுங்கள். ஒன்றரை லீற்றர் தண்ணீரில் கரைத்து, மா அடியில் படிய விட்டு, மேல் தண்ணீரை ஊற்றுங்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் இப்படி இரண்டு மூன்று தரம் செய்ய வேண்டும். இது ருசிக்காக மட்டும் செய்யும் வேலையல்ல. ஒடியலின் கசப்போடு உடம்புக்கு ஒவ்வாததும் அந்தத் தண்ணீரில்தான் போகிறது. அவசரத்துக்கு இதைக் குறைக்காதீர்கள், முக்கியமாகச் சின்னப் பிள்ளைகளுக்குக் காய்ச்சும்போது. கடையில் வாங்கும்போது புழுக்கொடியல் மாவை மாறி வாங்கிவிடவும் வேண்டாம். அது அவித்துக் காயவைத்தது, கூழுக்குச் சரிவராது.

இரண்டரை லீற்றர் தண்ணீரில் ஒரு பிடி அரிசி, பத்துப் பலாக்கொட்டை, மரவள்ளித் துண்டுகள், பயற்றங்காய் போட்டு அவியுங்கள். மரவள்ளியைத் தனியாகத் திறந்த சட்டியில் அவித்துத் தண்ணீரை ஊற்றிவிட்டுச் சேர்ப்பது நல்லது. மீனை வேறு சட்டியில் அவித்து, முள் எடுத்து உதிர்த்துப் போட்டு, அவித்த தண்ணீரையும் வடித்துக் கூழுக்குள் விடுங்கள். நண்டை உடைக்காமல் பெரிய துண்டாகவே போடுங்கள். உடைந்த ஓட்டுத் துண்டு முள்ளைவிடக் கெட்டது.

தேசிக்காயளவு புளியைக் கரைத்து, வடித்த ஒடியல் மாவை அதில் கட்டியில்லாமல் கலக்கிக் கொதிக்கும் சட்டிக்குள் மெல்ல விட்டுத் துழாவுங்கள். மாவை நேரே கொட்டினால் வெளிப்பக்கம் வெந்து உள்ளே பச்சையாக உருண்டுவிடும். மெல்லிய நெருப்பில் 10 நிமிடம் கொதிக்கட்டும், கடைசி 4 நிமிடத்தில் முருங்கையிலை போடுங்கள்.

உறைப்புக்கு வழி எளிது. முதலில் இரண்டு செத்தல் மிளகாயும் மஞ்சளும் மட்டும் அரைத்துப் போடுங்கள். பிள்ளைகளின் பங்கை அள்ளி வைத்தபின் பெரியவர்களுக்கான மிளகாய்க் கூட்டை விட்டு இன்னும் 5 நிமிடம் கொதிக்க வையுங்கள். கூழுக்கு உறைப்புக் குறைந்தால் அது கூழே இல்லை என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள், அவர்களுடனும் பகை வராது. 4 வயதுக்குப் பலாக்கொட்டையை மசித்துக் கொடுங்கள். இறாலோ நண்டோ முதல்தரம் சாப்பிடும் பிள்ளையென்றால் ஒரு சிறு துண்டோடு நிறுத்திப் பாருங்கள். உதடு வீங்கினாலோ உடம்பு தடித்தாலோ மூச்சு இழுத்தாலோ வீட்டு மருந்து பார்க்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

9 வயதுக்காரருக்குப் பிளா (கூழ் குடிக்கும் ஓலைக் கோப்பை) மடிக்கும் வேலையைக் கொடுங்கள். ஓலை விளிம்பை நீங்கள் கத்தரித்துக் கொடுத்தால் கை கீறாது. தான் மடித்த பிளாவில் ஊற்றிய கூழை எந்தப் பிள்ளையும் மிச்சம் வைப்பது அருமை.

கேள்வி: பிள்ளைகளுக்கு வயது 12, 9, 5. ரியூசன் முடிய வந்தால் போன்தான். முற்றம் சின்னது. மூவரும் சேர்ந்து என்ன விளையாட முடியும்? (ஒரு தாய், மானிப்பாய்)

பதில்: 5 முதல் 17 வயதுவரை நாளுக்குச் சராசரி 60 நிமிடம் மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஒரேயடியாக வேண்டியதில்லை, மூன்று இருபது நிமிடங்களும் சேரும்.

கிளித்தட்டுக்குப் பெரிய வளவு வேண்டுமென்று நினைக்காதீர்கள். 8 அடி அகலம், 24 அடி நீளம் போதும். குறுக்கே கோடு போட்டு மூன்று பெட்டியாக்கி, நடுவால் நீளத்துக்கு ஒரு கோடு இழுங்கள். அடுப்புச் சாம்பலே கோட்டுக்குக் காணும். ஐந்து பேரென்றால் மூவர் மறிக்க, இருவர் ஓடலாம். முதற்கோட்டில் நிற்பவர் கிளி, அவர் நடுக்கோட்டாலும் ஓடலாம். மற்ற இருவரும் தத்தம் குறுக்குக் கோட்டில் மட்டுமே. மறிப்பவரின் கையால் அடிபடாமல் கடைசிவரை போய்த் திரும்பி வந்தால் பழம், அதாவது வெற்றி. சண்டை வருவது எப்போதும் ஒரே இடத்தில்தான்: மறிப்பவரின் கால் கோட்டை விட்டு விலகியதா இல்லையா என்பதில். ஆட்டம் தொடங்க முன்னமே, ஒரு காலாவது கோட்டில் இருந்தால்தான் அடி செல்லும் என்று பேசி முடித்துவிடுங்கள். ஒரு முறைக்கு 3 நிமிடம் வையுங்கள், நீண்டால் சின்னவர் சலித்துப்போவார்.

அந்த 5 வயதுக்காரரை உப்புக்குச் சப்பாணியாகச் சேர்க்க வேண்டாம். இரண்டு நாளில் கண்டுபிடித்துவிட்டுப் போனுக்கே திரும்பிப் போவார். இரண்டுதரம் அடிபட்டால்தான் அவர் அவுட் என்று வைத்தால் அவருக்கு உண்மையாக வெல்ல வழி கிடைக்கும். அப்பா மறித்தால் ஒரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரும் தாண்டமாட்டார்கள், ஆட்டம் செத்துவிடும்.

இடம் இதற்கும் காணாவிட்டால் பேணிப்பந்து. பால்மாப் பேணியின் வெட்டு விளிம்பு கையைக் கிழிக்கும், அதற்குப் பதில் ஏழு சிரட்டை அடுக்குங்கள். அடுக்கவே கஷ்டம் என்பதால் ஆட்டம் இன்னும் சூடாகும். 12 அடியிலிருந்து ரெனிஸ் பந்தால் எறிந்து குலைத்துவிட்டு, எதிரணியின் பந்து படாமல் திரும்ப அடுக்க வேண்டும். இடுப்புக்கு மேலே எறியக்கூடாது. கால் மணித்தியாலத்தில் சட்டை நனைந்துவிடும்.

தொடங்கமுன் கொடிக்கயிற்றைக் கழற்றுங்கள், அது சரியாக 9 வயதுக் கழுத்துயரத்தில் இருக்கும். சீமெந்து நிலத்தில் மணல் கிடந்தால் கூட்டுங்கள், சறுக்கும். கிணற்றுக்கட்டு பதிவாக இருந்தால் மூடியோ வலையோ போடாமல் அந்தப் பக்கம் ஓட விடாதீர்கள்.

நேரமும் முக்கியம். ரியூசனால் வந்து கதிரையில் இருந்தபின் எழுப்புவது கடினம். புத்தகப்பையை விறாந்தையில் வைத்த கையோடு முற்றத்தில் இறங்க வேண்டும். பெரியவர்களின் போனும் அந்த அரை மணித்தியாலம் உள்ளேதான்.

கேள்வி: 8 வயது மகனுக்குப் பட்டம் கட்டிக் கொடுத்தேன். எழும்பியதும் சுத்திச் சுத்திக் குத்துகிறது. எங்கே பிழை? (ஒரு தகப்பன், கரவெட்டி)

பதில்: தை பிறக்கும்போது வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் பெரிய பட்டங்களைப் பார்த்துவிட்டு எட்டுமூலைப் பட்டத்தில் தொடங்கியிருந்தால் அதை விடுங்கள். நெட்டுக்கு 60 சென்ரிமீற்றர், குறுக்குக்கு 50 சென்ரிமீற்றர் மூங்கில் ஈர்க்கு எடுத்து, மேலிருந்து 15 சென்ரிமீற்றரில் கட்டிய சாதாரண பட்டமே இந்த வயதுக்குச் சரி.

சுத்துவதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, குறுக்கு ஈர்க்கின் ஒரு பக்கம் பாரம். கட்டிய இடத்தை விரலில் வைத்துப் பார்த்தால் தெரியும், பாரமான பக்கத்தைச் சீவுங்கள். மற்றது வால் காணாது. 3 மீற்றர் துணி வாலில் தொடங்கி, தேவையென்றால் நீட்டுங்கள். அடுத்தது முச்சை, அதாவது பட்டத்தில் நூல் பூட்டும் கட்டு. பட்டம் எழும்பாமல் இழுத்தபடி ஆடினால் முடிச்சை ஒரு சென்ரிமீற்றர் மேலே தள்ளுங்கள். ஏறியபின் தலைகுப்புறச் சாய்ந்தால் கொஞ்சம் கீழே இறக்குங்கள்.

வீடுகளுக்கும் பனைகளுக்கும் நடுவில் காற்றுச் சுழலும், நல்ல பட்டமும் அங்கே குத்தும். வாடைக்காற்று நேராக வரும் வயல்வெளியோ கடற்கரையோ பாருங்கள். மின்கம்பி தெரியும் இடத்தில் விடவே வேண்டாம். சிக்கினால் பட்டத்தைக் கைவிடுங்கள், ஈரநூல் மின்சாரத்தைக் கடத்தும்.

கேள்வி: ஞாயிற்றுக்கிழமை கசூரினாக் கடற்கரைக்குப் போகிறோம். கடையில் வாங்காமல் என்ன கட்டிக்கொண்டு போகலாம்? (ஒரு குடும்பம், நல்லூர்)

பதில்: தேங்காய் சேர்ந்ததைத் தவிருங்கள். சம்பலும் சொதியும் வெயிலில் இரண்டு மணித்தியாலத்திலேயே மாறத் தொடங்கும். புளிச்சோறு தாங்கும், ஆனால் சோற்றை ஆறவிட்டே வாழையிலையில் கட்டுங்கள், சூட்டோடு கட்டினால் வியர்த்துப் புளிக்கும். அவித்த முட்டையைக் கோதோடு கொண்டுபோங்கள். தாளித்த கடலை, வெள்ளரிக்காய், கொய்யாப்பழம் போதும். 5 வயதுக்குக் கீழே முழுக் கச்சான் கொடுக்காதீர்கள், புரைக்கேறும். தண்ணீர் ஆளுக்கு ஒன்றரை லீற்றர்.

அங்கே கடல் ஆழம் குறைந்தது என்பதால்தான் பெரியவர்கள் கரையில் இருந்து கதைக்கத் தொடங்குகிறார்கள். தண்ணீரில் நிற்கும் சின்னப் பிள்ளைக்குக் கையெட்டும் தூரத்தில் ஒருவர் நிற்க வேண்டும். பத்து மணிக்கு முன் அல்லது மூன்றரைக்குப் பின் இறங்குங்கள்; குளித்து வந்த பசியில் கட்டிக்கொண்டுபோன எதுவும் மிஞ்சாது.

கேள்வி: வல்லாரைச் சம்பல் கசக்கிறது என்று பிள்ளைகள் ஒதுக்குகிறார்கள். (ஒரு வாசகி, அளவெட்டி)

பதில்: முற்றிய இலையையும் தண்டையும் விட்டுவிட்டு இளம் இலையை மட்டும் எடுங்கள். சாப்பிடுவதற்குச் சற்று முன்னர் மெல்லியதாக அரியுங்கள், அரிந்து வைத்தால் கசப்புக் கூடும். ஒரு பிடி இலைக்கு இரண்டு பிடி தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், உப்பு, கடைசியில் தேசிக்காய்ப்புளி. பச்சை மிளகாயைப் பெரியவர்களின் பங்கில் மட்டும் சேருங்கள்.