மாற்று நுரையீரலில் தொற்று: மூச்சுப்பாதைக் கொழுப்பு ஏன் மாறுகிறது?

"மாற்று நுரையீரலில் தொற்று இருக்கிறது, கழுவுநீரில் கொழுப்பும் மாறியிருக்கிறது என்கிறார்கள். சாப்பாட்டில் எண்ணெயைக் குறைக்கணுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்காகக் குறைக்க வேண்டாம். (கழுவுநீர் என்பது நுரையீரலுக்குள் உப்புநீர் விட்டு உறிஞ்சி எடுக்கும் மாதிரி.) ஸ்டீராய்டு, டாக்ரோலிமஸ் போன்ற எதிர்ப்பு அடக்கும் மருந்து எடுப்பவர்களுக்கு ரத்தக் கொழுப்பு ஏறுமே என்று யாரேனும் சொல்லலாம். ஏறும்தான். அது தனிப் பிரச்சினை, அதற்குத் தனி வைத்தியம்.

இங்கே பேச்சு சர்ஃபாக்டன்ட் பற்றியது. காற்று நுண்ணறைகளின் உட்புறம் படர்ந்திருக்கும் மெல்லிய படலம் அது; ஏறத்தாழ 90% கொழுப்பு. முக்கியமானது டைபால்மிட்டாயில் லெசித்தின். லெசித்தின் என்பது ஒரு தலையும் இரண்டு கொழுப்பு அமில வால்களும் கொண்ட கொழுப்பு மூலக்கூறு. இந்த வகையின் இரண்டு வால்களும் 16 கார்பன் நீளம், வளைவில்லாதவை. அதனால்தான் நெருக்கி அடுக்கிக்கொண்டு, மூச்சை விடும்போது அறைகள் ஒட்டிப்போகாமல் காக்கின்றன.

சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா வந்தால் அதன் பாஸ்போலிப்பேஸ் சி நொதி லெசித்தினின் தலையை வெட்டுகிறது; கழன்று விழும் கோலினை அந்தக் கிருமியே உணவாக்கிக்கொள்ளும். நம் அழற்சி செல்கள் விடும் பாஸ்போலிப்பேஸ் ஏ2 ஒரு வாலை வெட்டுகிறது. மிஞ்சும் லைசோலெசித்தின் படலத்தைக் குலைக்கும். வெட்டுப்பட்ட வால் அராக்கிடோனிக் அமிலமாக இருந்தால் லூக்கோட்ரையீன் பி4 என்ற அழற்சிப் பொருள் உருவாகி, இன்னும் நியூட்ரோஃபில்களை (ஒருவகை வெள்ளை அணுக்களை) வரவழைக்கும். இதற்கிடையே ரத்தக்குழாய்ச் சுவர் கசிந்து, லினோலிக் வால் கொண்ட பிளாஸ்மா லெசித்தின் உள்ளே வரும். ஆக, மொத்த லெசித்தின் குறையாமலே, ஏன் கூடியும்கூட, வேலைக்கு உதவும் லெசித்தின் குறைந்திருக்கலாம். மொத்த அளவை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது என்பது அதனால்தான்.

மாற்று நுரையீரலில் இன்னொரு சிக்கலும் உண்டு. தையலுக்குக் கீழே நரம்பு அறுபட்டிருப்பதால் இருமல் சரியாக எழாது. சளி தங்கும், இரைப்பையிலிருந்து ஏறும் அமிலமும் பித்தமும் தெரியாமல் இறங்கும். நீண்ட நாள் கொடுக்கும் அசித்ரோமைசின் என்ற ஆன்டிபயாட்டிக்கும் செல்களுக்குள் லெசித்தின் போன்ற பாஸ்போலிப்பிடைத் தேங்க வைக்கும். ஆகவே கொழுப்பு மாற்றம் என்றால் உடனே நிராகரிப்பு (உடல் மாற்று நுரையீரலை ஏற்காமல் தாக்குவது) என்று அர்த்தமில்லை.

மாதிரியைக் கையாள்வதில் நடக்கும் அலட்சியம்தான் எனக்குப் பெரிய ஆதங்கம். கழுவுநீரை எடுத்ததும் ஐஸில் வைத்து, மெதுவாகச் சுழற்றி செல்களைப் பிரித்து, மேல்நீரைச் சிறு பங்குகளாக மைனஸ் 80 டிகிரியில் உறைய வைக்க வேண்டும். மேசையில் விட்டால் நொதி குழாய்க்குள்ளேயே வெட்டிக்கொண்டிருக்கும், லைசோலெசித்தின் ஏறும், பழி நோயாளியின் நுரையீரல் மேல் விழும். கொழுப்பைப் பிரித்தெடுக்கக் குளோரோஃபார்ம் சேர்க்கும் கட்டத்தில் கண்ணாடிக் குழாய்தான் வேண்டும், பிளாஸ்டிக்கிலிருந்து கசடு கரைந்து வரும். அளவீட்டுக்கான ஒப்பீட்டுக் கொழுப்பை, மாதிரியின் கொழுப்பைப் பிரித்தெடுப்பதற்கு முன்பே சேர்க்க வேண்டும், பின்னால் அல்ல. உப்புநீரால் மாதிரி எவ்வளவு நீர்த்திருக்கிறது என்பதை யூரியா அளவை வைத்துத் திருத்தாவிட்டால் இரண்டு நாள் மாதிரிகளை ஒப்பிடவே முடியாது.

இந்தக் கொழுப்பு அளவு இன்னும் ஆராய்ச்சிக் கருவிதான். மருந்தை முடிவு செய்வது கிருமி வளர்ப்பு, வைரஸ் பிசிஆர், திசுப் பரிசோதனை, ஊதும் சோதனை இவைதான். அறுவைக்குப் பின் குறைந்தது 3 வார இடைவெளியில் வந்த சிறந்த இரண்டு எஃப்இவி1 (வேகமாக ஊதும்போது முதல் நொடியில் வெளியேறும் காற்று) அளவுகளின் சராசரியே உங்கள் அடிப்படை. வீட்டில் ஊதும்போது அதிலிருந்து 10% இறங்கினால் அன்றைக்கே மாற்றுக் குழுவைக் கூப்பிடுங்கள். 20% இறங்கி அப்படியே நின்றால், தொற்று போன்ற வேறு காரணங்களை விலக்கிய பிறகு நாள்பட்ட நிராகரிப்பைச் சந்தேகிப்பார்கள். தொற்று என்றதும் எதிர்ப்பு அடக்கும் மாத்திரையை நீங்களாகக் குறைக்காதீர்கள்.