எரிகோவுக்கு ஆமென் சொல்வதா?

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்கள் வீடு தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கேரளத்துப் பாறசாலையில். இருபது வருடமாகக் குடும்ப ஜெபத்தில் தினம் ஓர் அதிகாரம் வாசிக்கிறோம். போன வாரம் யோசுவா 6. இஸ்ரவேலர் எரிகோ நகரைப் பிடித்து 'வாலிபரையும் கிழவரையும்', கழுதைகளையும்கூட வெட்டியதை நான் வாசித்து முடித்ததும், காலேஜில் படிக்கிற மகன், "இதுக்கும் ஆமென் சொல்லணுமாம்மா?" என்று கேட்டுவிட்டான். போதகரிடம் போனால், கேள்வி கேட்பதே விசுவாசக்குறைவு என்கிறார். இனி சங்கீதமும் சுவிசேஷமும் மட்டும் வாசித்தால் போதாதா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

என் அம்மாவின் வேதாகமத்தில் சங்கீதத்தின் தாள்கள் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருக்கும். யோசுவாவிலோ, தாளோரத்துச் சிவப்புச் சாயம்கூடப் பிரியாமல் ஒட்டிக்கொண்டிருந்தது. நீங்கள் இப்போது யோசிப்பதை அம்மா யாரிடமும் கேட்காமலே செய்துவிட்டாள்!

ஆனால் சங்கீதத்துக்குள் ஒளிந்துகொள்ளவும் வழியில்லை. 137-இன் கடைசி வசனம், பாபிலோனின் குழந்தைகளைப் பிடித்துக் கல்லின்மேல் மோதியடிக்கிறவனைப் பாக்கியவான் என்கிறது. கேள்வி கேட்பது விசுவாசக்குறைவு என்றால் யோபுவை என்ன செய்வது? கடைசி அதிகாரத்தில் கர்த்தருக்குக் கோபம் வருவது, கேட்டுக்கொண்டே இருந்த யோபுமேல் அல்ல. பதில் சொல்லிக்கொண்டே இருந்த சிநேகிதர்மேல்.

1950களில் எரிகோவைத் தோண்டிய தொல்லியலாளர் காத்லீன் கென்யன், யோசுவாவின் காலம் என்று கருதப்படும் காலத்தில் அங்கே மதில் சூழ்ந்த நகரம் இருந்ததற்குத் தடயம் காணவில்லை. இதைச் சொல்லி மகனின் வாயை அடைத்துவிடாதீர்கள். நடக்கவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், நடந்ததாகப் பெருமையோடு எழுதி வைத்திருக்கிறார்களே, அதைத்தான் அவன் கேட்கிறான்.

எனக்குப் பிடி கிடைத்தது மத்தேயு 1:5-இல். வம்சவரலாறு என்று நாம் தாண்டிப்போகும் பக்கம். எரிகோவில் தப்பிய ராகாப் அங்கே இயேசுவின் பாட்டிமார் வரிசையில் நிற்கிறாள். பக்கத்திலேயே ரூத். மோவாபியர் பத்தாம் தலைமுறைவரை சபைக்குள் வரக்கூடாது என்று உபாகமம் 23 சொல்கிறதே, அந்த மோவாபியப் பெண்தான். ஒரு புத்தகம் சாத்திய கதவை இன்னொரு புத்தகம் திறக்கிறது. வேதாகமம் தனக்குள்ளேயே வழக்காடுகிறது. உங்கள் மகனும் அந்த வழக்கில் ஒரு கட்சி.

இன்னொன்று, எல்லையில் இருக்கிற நமக்கே உள்ள வசதி. 23-ஆம் சங்கீதத்தின் 'நான் தாழ்ச்சியடையேன்' என்பதைச் சிறுவயதிலிருந்து ஒப்பித்திருக்கிறேன். யார் முன்னும் தலைகுனிய மாட்டேன் என்றே பொருள் கொண்டிருந்தேன். ஒருநாள் பக்கத்து வீட்டு மலையாள வேதாகமத்தில், 'எனிக்கு முட்டுண்டாகயில்ல'. முட்டு! மாசக்கடைசியில் அரிசிப்பானையைச் சுரண்டிக்கொண்டே அம்மா சொல்லும் முட்டுப்பாடு. கத்தோலிக்கரின் திருவிவிலியம் 'எனக்கேதும் குறையில்லை' என்கிறது. எபிரேய மூலத்திலும் இல்லாமைதான் பேச்சு, கௌரவம் அல்ல.

பழகிய தமிழ் தாலாட்டிவிடும். 'பட்டயக்கருக்கினால் சங்காரம்பண்ணினார்கள்' என்று ராகமாக வாசித்தால் ரத்தம் தெரியாது. மகன் பள்ளியில் மலையாளம் படித்திருப்பானே. யோசுவா 6-ஐ அவனையே மலையாளத்தில் வாசிக்கச் சொல்லுங்கள். ஆமென் சொல்வதா வேண்டாமா என்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.