மானிட்டர்ல இருந்த பனி பிரிண்ட்ல எங்க போச்சு?

கேள்வி: ஏற்காட்டுல ஒரு காப்பி எஸ்டேட்ல காலைல பனிக்குள்ள எடுத்த படம் சார். சில்வர் ஓக் மரம், அதுல ஏறுன மிளகுக்கொடி, பின்னாடி பூரா பனி. கறுப்பு வெள்ளையா மாத்தி லேப்டாப்ல பாத்தா அசத்துது. பளபளப்பு இல்லாத ஆர்ட் மேட் பேப்பர்ல 12க்கு 18 இன்ச் சைஸ்ல இங்க்ஜெட் பிரிண்ட் போட்டா மரப்பட்டை அட்டைக்கறுப்பா போயிருச்சு, பனி இருந்த எடம் வெறும் பேப்பரா இருக்கு. லேப்ல கேட்டா உங்க ஃபைல்தான் அப்படிங்கறாங்க. தப்பு யார் மேல?
– வாசகர், அம்மாப்பேட்டை

பதில்: லேப்காரங்க சொல்றது முக்கால்வாசி சரிதாங்க. லேப்டாப் ஸ்க்ரீன் தன்னாலயே வெளிச்சம் விடுது, பேப்பர் அது மேல விழுற வெளிச்சத்தைத்தான் திருப்பி அனுப்பும். சாதாரண மானிட்டர்ல வெள்ளைக்கும் கறுப்புக்கும் நடுவுல 1000 மடங்கு வித்தியாசம் இருக்கும், நல்ல பளபள பேப்பர்ல அது 200 மடங்கு கிட்ட, மேட் பேப்பர்ல 40, 50 மடங்கு வந்தாலே பெருசு. அவ்ளோ பெரிய படத்தை இவ்ளோ சின்ன எடத்துல அடைக்கணும்னா எதுக்கு எடம் குடுக்கறது, எதை நெருக்கறதுன்னு நீங்கதான் முடிவு பண்ணணும், நீங்க பண்ணலன்னா மெஷின் அதுபாட்டுக்கு ரெண்டு ஓரத்தையும் அமுக்கிரும்.

மொதல்ல ஸ்க்ரீன் பிரைட்னஸைக் கொறைங்க. பிரிண்டுக்கு எடிட் பண்றவங்க 80ல இருந்து 120 கேண்டெலாக்குள்ள (சதுர மீட்டருக்கு இவ்ளோன்னு ஸ்க்ரீன் வெளிச்சத்தை அளக்கற கணக்கு) வெச்சுக்குவாங்க, லேப்டாப்பை ஃபுல்லா வெச்சா அதைவிட ரெண்டு மூணு மடங்கு ஏறிரும், அதுல பட்டை தெளிவா தெரியுதுன்னு நம்பி ஃபைலை அனுப்புனா பிரிண்ட் கறுத்துத்தான் வரும்.

அடுத்தது டெஸ்ட். ஃபைல்ல 0ன்னா சுத்தக் கறுப்பு, 255ன்னா சுத்த வெள்ளை; அந்த 0ல இருந்து 255 வரைக்கும் 21 கட்டமா ஒரு சாம்பல் பட்டை செஞ்சு அதே பேப்பர்ல, அதே மெஷின்ல ஒரு சின்ன பிரிண்ட் போடுங்க. நல்லா காயவிட்டு, லேப் டியூப்லைட்ல பாக்காம ஜன்னல் பக்கத்துல வெச்சுப் பாருங்க. 0, 13, 26 மூணு கட்டமும் ஒரே கறுப்பா தெரிஞ்சா அந்தப் பேப்பர் உங்களுக்கு 26க்குக் கீழ ஒண்ணும் தராதுன்னு அர்த்தம், அப்ப மரப்பட்டையோட வெடிப்பு, வரி எல்லாம் 35, 40க்கு மேல இருக்கற மாதிரி கர்வ்ஸ்ல (எடிட்டிங் சாஃப்ட்வேர்ல இருட்டு, வெளிச்சத்தை தனித்தனியா ஏத்தி இறக்கற கோடு) தூக்கணும். வெள்ளைப் பக்கமும் இதே கதைதான், எந்தக் கட்டம் வரைக்கும் பேப்பர்ல இருந்து பிரிஞ்சு தெரியுதுன்னு பாத்து பனியை அதுக்குள்ள நிறுத்துங்க.

நம்மாளுங்க நிறைய பேர் பனின்னா வெள்ளைன்னு நெனச்சு ஏத்திவிடுறாங்க. சேர்வராயன் மலைப் பனியை நின்னு பாருங்க, அது சாம்பல்ங்க. 200ல இருந்து 235க்குள்ள நாலஞ்சு சாயல் வெச்சாலே கிட்ட இருக்கற மரம், அதுக்குப் பின்னாடி மரம், அதுக்கும் பின்னாடி மரம்னு அடுக்கடுக்கா தெரியும். மொத்தமா 255க்குத் தள்ளுனா அங்க மை விழாது, வெள்ளை மார்ஜின் விட்டா படத்தோட ஓரமே காணாம போயிரும். 1940 வாக்குல ஆன்செல் ஆடம்ஸ், ஃப்ரெட் ஆர்ச்சர்னு ரெண்டு அமெரிக்க போட்டோகிராஃபருங்க கொண்டுவந்த ஜோன் சிஸ்டத்துல சுத்தக் கறுப்பை 0, சுத்த வெள்ளையை 10ன்னு வெச்சுப் பிரிச்சாங்கல்ல, அந்தக் கணக்குல உங்க மரப்பட்டை 3, பனி 7, 8. ஃபிலிம் போயி டிஜிட்டல் வந்தாலும் அந்தக் கணக்கு இன்னிக்கும் உதவுது.

ஒண்ணு மறந்துறாதீங்க, எல்லாத்தையும் தூக்கிட்டா படம் வெளுத்து சாயம்போன வேட்டி மாதிரி ஆயிரும். காப்பிச்செடிக்கு அடியில இருக்கற இருட்டு சுத்தக் கறுப்பாவே இருக்கட்டும், அது இருந்தாதான் பட்டைல இருக்கற சாம்பல் எடுபடும். கான்ட்ராஸ்ட் ஸ்லைடர் பக்கம் மட்டும் போகாதீங்க, அது ரெண்டு ஓரத்தையும் வெளிய தள்ளும், நமக்கு வேண்டியது நேர் எதிர். லேப்ல பேப்பரோட ஐசிசி ப்ரொஃபைல் (அந்த மெஷினும் பேப்பரும் எப்படி நிறம் காட்டும்னு சொல்ற ஃபைல்) குடுத்தா வாங்கி சாஃப்ட் ப்ரூஃப் போட்டு, அதாவது பிரிண்ட் எப்படி வரும்னு ஸ்க்ரீன்லயே காட்டச் சொல்லிப் பாருங்க, திடீர்னு படம் மங்கி அழுதுட்டு நிக்கும், பயப்படாதீங்க, ஏறக்குறைய அதுதான் பேப்பர்ல வரப்போற படம்.

கேள்வி: எங்க கடைக்கு வெள்ளிக் கொலுசை கறுப்பு வெல்வெட்ல வெச்சு எடுத்தோம். கறுப்பு வெள்ளை பிரிண்ட்ல லேசா பச்சை அடிக்குது, ஏன்?
– வாசகி, செவ்வாய்ப்பேட்டை

பதில்: மினிலேப்ல, அதாவது கலர் போட்டோ போடற கடை மெஷின்ல போட்டிருப்பீங்க மேடம். அது கலர் பேப்பர், சாம்பலைக்கூட சையன், மஜென்டா, மஞ்சள் மூணு சாயத்தையும் சேத்துத்தான் உண்டாக்கும், கெமிக்கல் கொஞ்சம் நகர்ந்தா பச்சையோ ரோஸோ எட்டிப்பாக்கும். எஸ்ஆர்ஜிபிங்கற பொதுவான கலர் செட்டிங்ல ஃபைல் குடுத்து, ஆட்டோ கரெக்‌ஷன் வேண்டாம்னு ஆபரேட்டர்கிட்ட வாயால சொல்லுங்க. பெருசா மாட்டறதுக்குன்னா ரெண்டு மூணு சாம்பல் மை இருக்கற இங்க்ஜெட்ல, கறுப்பு வெள்ளை மோடுல போடறதுதான் நல்லது. கொலுசுல முத்து மினுங்கற புள்ளி மட்டும் 255 தொடட்டும், உடம்பு பூரா வெளுத்தா வெள்ளியா அலுமினியமான்னே தெரியாது.

கேள்வி: கேமராவுலயே மோனோக்ரோம் வெச்சு எடுத்துட்டா வேலை மிச்சம்தானே?
– வாசகர், ஏற்காடு

பதில்: ஜேபெக்ல மட்டும் எடுத்தா கலர் போனது போனதுதான் தம்பி, அதுலயும் ஜேபெக் 8 பிட்தான், சாயல் 256 படிதான் இருக்கும், அதுல கர்வ்ஸை இழுத்தா வானத்துல பட்டை பட்டையா கோடு விழும். ரா ஃபைல்ல (கேமரா சென்சார் பதிஞ்சதை அப்படியே வெச்சிருக்கற ஃபைல்) எடுங்க, ஸ்க்ரீன்ல கறுப்பு வெள்ளையா தெரியும், உள்ள கலர் பத்திரமா இருக்கும். அப்புறமா மாத்தறப்ப நீல ஸ்லைடரைக் கொறைச்சா பகோடா பாயின்ட்ல எடுத்த வானம் அடர்த்தியாகும், பச்சை மஞ்சளை ஏத்துனா இலை வெளுக்கும். நீலத்தை ரொம்பக் கொறைச்சா வானத்துல புள்ளி புள்ளியா நாய்ஸ் வந்துரும், பெரிய பிரிண்ட்ல அது நல்லாவே தெரியும்.